கட்டபொம்மனும் கெய்ரோ விருதும்

பரிசு பெற்ற நடிப்பு யாவும் சிறந்த நடிப்புத்தானா? சிறந்த நடிப்பு யாவும் பரிசு பெற்றுவிடுகின்றனவா? கலையில் ஈடுபாடு கொண்ட மாணவர் எவரும் இவ்வினாக்களை ஒருமுறையேனும் எழுப்பியிருப்பர். ஓட்டப் பந்தயத்தில் முந்தியவர் யார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். பளு தூக்கும் போட்டியில் எடைக்கல் சொல்லிவிடும். நடிப்பை அளக்கக் கடிகாரமும் இல்லை, எடைக்கல்லும் இல்லை. ஆகவே, பரிசு அறிவிக்கப்பட்ட மறுநாளே 'தகும்' என்பர் ஒரு சாரார். 'தகாது' என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் விருப்பத்தைச் சொல்கின்றனரேயன்றிக் காரணத்தைச் சொல்வது அரிது. விருப்பத்தை ஒதுக்கிவிட்டுக் காரணத்தைத் தேடுவது எப்படி? ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

1960-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், எகிப்து நாட்டின் தலைநகராகிய கெய்ரோவில், ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழா நடைபெற்றது. அவ்விழாவில், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்னும் தமிழ்ப் படத்தில் நடித்த சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் எனப் பரிசு பெற்றார். பி. ஆர். பந்துலு இயக்கிய அப்படம் 1959-ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் வெளிவந்தது. உரையாடல் எழுதியவர் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி. படமாவதற்கு முன்பே, சிவாஜி நாடக மன்றத்தார் 1957-ஆம் ஆண்டு முதல் அதனை மேடையில் நடித்து வந்தனர். இளமையில் கண்ட கட்டபொம்மன் கூத்தே தம்மை நடிப்புத் துறைக்கு இழுத்தது என்று சிவாஜி கணேசன் பிற்காலத்தில் கூறியுள்ளார். எனவே, அவ்வேடம் அவருக்குத் திடீரென வாய்த்த ஒன்றன்று. நெடுநாள் நெஞ்சிலே கிடந்து வளர்ந்த ஒன்று.

தமிழ் மக்கள் அப்பரிசைத் தமக்கே கிடைத்ததாகக் கொண்டாடினர். ஆயினும், அந்நடிப்பைக் குறித்து ஐயம் எழுப்புவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். 'அது மேடை நடிப்பு, திரைக்கு ஏற்றதன்று. அது நடிப்பன்று, முழக்கம்' என்பது அவர்களுடைய கூற்று. இக்கூற்றைப் புறக்கணித்தலும் முறையன்று. ஆராயாமல் ஏற்றலும் முறையன்று. விருது ஒன்று தகுதியானதா என அறிய மூன்று வினாக்களை எழுப்பலாம். பரிசு நடிப்புக்கு அப்பாற்பட்ட காரணம் எதற்கேனும் தரப்பட்டதா? அந்நடிப்பு, தான் அமைந்த படைப்பின் இயல்புக்குப் பொருந்துகின்றதா? உரையாடல், உடை, கதை ஆகியவற்றை நீக்கிவிட்டால், நடிகருக்கே உரியது என எஞ்சுவது ஏதேனும் உண்டா?

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். நடிப்புக்கு அப்பாற்பட்ட காரணங்களால் பரிசுகள் போவது உலகெங்கும் உள்ளதே. அமெரிக்க நாட்டில் ஆஸ்கார் என வழங்கும் விருது மிகப் புகழ் பெற்றது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்னும் நடிகர் 1939-ஆம் ஆண்டில் 'மிஸ்டர் ஸ்மித் வாஷிங்டனுக்குப் போகிறார்' என்னும் படத்தில் அரிய நடிப்பை வழங்கினார்; விருது வேறொருவருக்குச் சென்றது. அடுத்த ஆண்டு, அதனினும் எளியதொரு வேடத்துக்கு அவர் விருது பெற்றார். முன் ஆண்டின் கடன் மறு ஆண்டில் தீர்க்கப்பட்டது என்றே பலரும் கருதினர். எலிசபெத் டெய்லர் 1960-ஆம் ஆண்டுப் படமாகிய 'பட்டர்ஃபீல்ட் 8' என்பதற்காக விருது பெற்றபோது, கடும் நோயிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தார். பரிவும் அப்பரிசில் பங்கு கொண்டது என்பது பரவலான கருத்து. அப்படத்தை அவரே விரும்பவில்லை என்பதும் அறிந்த செய்தியே.

கெய்ரோவில் நிலைமை யாது? அங்கே சிவாஜி கணேசனுக்குத் தீர்க்க வேண்டிய பழங்கடன் எதுவும் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. அதனை நாம் மறைத்தல் ஆகாது. 1956-ஆம் ஆண்டில் எகிப்து சூயசுக் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டன், பிரான்சு, இசுரேல் ஆகிய மூன்று நாடுகளும் அதன்மீது படையெடுத்தன. அப்புண் ஆறாத நகரம் கெய்ரோ. ஆப்பிரிக்க, ஆசிய மக்கள் அடிமைத்தளையை உடைத்துக்கொண்டு எழுந்த காலம் அது. அத்தகைய நகரில், அத்தகைய காலத்தில், ஆங்கிலேயரின் கும்பினி ஆட்சிக்கு வரி கொடுக்க மறுத்துத் தூக்குமரம் ஏறிய ஒருவனின் கதை திரையில் ஓடுகின்றது. காண்போர் உள்ளம் கனல்வதற்கு வேறு என்ன வேண்டும்?

ஆகவே, 'பரிசு கட்டபொம்மனுக்குத் தரப்பட்டதேயன்றிக் கணேசனுக்குத் தரப்பட்டதன்று' என ஒருவர் வாதிடலாம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. காலத்தின் காற்று அப்படத்தின் பாய்மரத்தில் வீசியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், காற்று வீசினாலும் கலம் நல்லதாக இருந்தாலன்றிக் கரை சேராது. நடுவர்கள் அக்கதையை மட்டும் பெருமைப்படுத்த விரும்பியிருந்தால், கதையையும் படத்தையும் போற்றிவிட்டு நடிகரை விட்டிருக்கலாம். நடிகரைத் தேர்ந்தெடுக்க நடிப்பு வேண்டும். அந்நடிப்பு உண்டா என்பதை அடுத்த இரு வினாக்களே முடிவு செய்யவேண்டும்.

இரண்டாம் வினா, பொருத்தம் பற்றியது. அதே 1959 மே மாதத்தில், வங்காளத்தில் சத்தியஜித் ராயின் 'அபுர் சன்சார்' என்னும் படம் வெளிவந்தது. அதில் சௌமித்ர சட்டர்ஜி என்னும் இளைஞர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். மனைவி இறந்தாள் என்ற செய்தியை அவளுடைய உடன்பிறந்தவன் கொண்டு வருகின்றான். கேட்ட கணவன் புலம்பவில்லை. நெடிய வசனம் பேசவில்லை. செய்தி கொணர்ந்தவனை அறைகின்றான். பின்னர் உயிரற்றவன்போலக் கட்டிலில் கிடக்கின்றான். உள்ளத்தின் துயரை உடலின் செயலற்ற நிலையே சொல்லிவிடுகின்றது. இதுவன்றோ திரைக்குரிய நடிப்பு என்கின்றனர் முழக்கத்தைக் குறை கூறுவோர்.

அவர்கள் கூறும் காரணத்தை மாணவர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். நாடக மேடையில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் கேட்கவேண்டும், முகக்குறிப்பு தெரியவேண்டும். ஆதலால் குரலும் உயரும், குறிப்பும் பெருகும். திரைப்படத்திலோ ஒலிவாங்கி மெல்லிய மூச்சையும் பற்றிக்கொள்ளும். அண்மைக் காட்சியில் இமையின் அசைவு ஒரு முழத்துக்குத் தெரியும். அங்கே மேடையின் அளவைப் பயன்படுத்தினால் மிகையாகிவிடும். இவ்வாதம் பொதுவாக உண்மையே. கட்டபொம்மன் படத்திலும், முகத்தை மிக நெருங்கிக் காட்டும் சில இடங்களில், புருவமும் கன்னமும் தேவைக்கு மேல் உழைக்கின்றன என்பதை மறுக்க இயலாது.

ஆயினும், எல்லாப் படங்களும் ஒரே இயல்பின அல்ல. 'அபுர் சன்சார்' ஓர் ஏழை இளைஞனின் வாழ்க்கையை உள்ளவாறே காட்ட முனையும் படம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஊர்தோறும் கதைப் பாடல்களாகவும் கூத்தாகவும் வழங்கிய ஒரு வீரனின் புகழைத் திரையில் ஏற்றிய படம். அங்கே அரசவை உண்டு, போர்க்களம் உண்டு, சந்தம் அமைந்த உரையாடல் உண்டு. அத்தகைய சொற்களை அன்றாடப் பேச்சின் தாழ்குரலில் சொன்னால், மலையைத் தட்டில் வைத்துப் பரிமாறியது போலாகும். படைப்பின் இயல்பே நடிப்பின் அளவை வகுக்கின்றது. வங்காள நடிகரின் மௌனம் அப்படத்துக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவு உரியது தமிழ் நடிகரின் முழக்கம் இப்படத்துக்கு.

'வேறு வகையில் நடிக்கத் தெரியாமையால் அவர் முழங்கினார்' என்று சொல்லவும் வழியில்லை. அதே 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாகப்பிரிவினை' என்னும் படத்தில், ஒரு கை வழங்காத எளிய நாட்டுப்புறத்தானாக அவர் நடித்தார். அங்கே வீரநடை இல்லை, இடிக்குரல் இல்லை. கூனிக் குறுகிய தோளும் வெள்ளை உள்ளத்தின் தயக்கமுமே உண்டு. 1961-ஆம் ஆண்டில் அதே பந்துலுவின் இயக்கத்தில் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் வ. உ. சிதம்பரனாராக நடித்தார். பகைவன் அதே ஆங்கிலேயன். ஆனால் நடிப்போ அடங்கிய நடிப்பு. பாளையக்காரன் வேறு, வழக்கறிஞர் வேறு என்னும் தெளிவு அவருக்கு இருந்தது. எனவே கட்டபொம்மனின் முழக்கம் இயலாமையால் விளைந்ததன்று, தேர்ந்துகொண்ட முறை.

இனி மூன்றாம் வினா. இதுவே தலையாயது. தமிழ்நாட்டில் இப்படத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் உரையாடலையே போற்றுகின்றனர். சாக்சன் துரையின் முன் கட்டபொம்மன் பேசும் பேச்சை மனப்பாடம் செய்து பள்ளி மேடைகளில் முழங்கிய மாணவர்கள் எண்ணற்றோர். ஆனால் கெய்ரோ நகரம் தமிழ் வழங்கும் நகரன்று. அங்கே எதுகையும் மோனையும் எவர் செவிக்கு எட்டும்? சொல்லின் சுவையை நீக்கிவிட்ட பின்னும் அந்நடிப்பு நின்றது என்றால், நின்றது எது?

துரையைச் சந்திக்கும் காட்சியையே பார்ப்போம். அக்காட்சி முழக்கத்தோடு தொடங்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். துரை ஏளனமாகப் பெயரைக் கேட்கின்றான். கட்டபொம்மனோ அதே வினாவை, அதே அமைப்பில், சற்றே தாழ்ந்த குரலில் அவனுக்குத் திருப்பித் தருகின்றான். சினம் இல்லை, நிமிர்வு உண்டு. துரை குற்றங்களை ஒவ்வொன்றாகச் சுமத்தும்போதும் விடைகள் அளந்தே வருகின்றன. வரியைப் பற்றிய பேச்சு எழும்போதுதான் கனல் மூள்கின்றது. உழவர் செய்யும் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, இவற்றுள் எதனைச் செய்தாய் எனச் சிறு சிறு வினாக்களாகக் கேட்கும்போது, குரல் படிப்படியாக ஏறுகின்றது. இடையே குலமகளிரைப் பற்றிய வினா வருமிடத்தில் அக்குரல் திடீரெனக் கனிந்து வளைந்து ஏளனமாகின்றது. பின்னரே உச்சத்தை எட்டுகின்றது. மொழி அறியாதவனும் இவ்வேற்ற இறக்கத்தை உணரலாம். இராகத்தின் பெயர் தெரியாதவனும் ஆலாபனையில் உருகுவதில்லையா?

இங்கே நம் தொல்காப்பியர் நமக்குத் துணைவருகின்றார். மெய்ப்பாடுகள் எட்டனுள் பெருமிதம் ஒன்று, வெகுளி மற்றொன்று. இவ்விரண்டையும் அவர் வேறு வேறாக வைத்தார். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கினால் பெருமிதம் பிறக்கும் என்றார். வெகுளி பிறக்கும் நிலைக்களங்களுள் ஒன்றாகக் 'குடிகோள்' என்பதைச் சொன்னார். தன்னைச் சேர்ந்த சுற்றத்தையும் குடியையும் பிறர் நலிவதே குடிகோள். அக்காட்சியின் அமைப்பு இதுவே. தன்னை இகழ்ந்தபோது கட்டபொம்மனிடம் வெளிப்படுவது பெருமிதம். உழுது உண்ணும் குடிகளிடம் வரி என்று கை நீட்டும்போது வெளிப்படுவது வெகுளி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தை நடிகர் தம் குரலாலும் நோக்காலும் துல்லியமாகக் காட்டுகின்றார். வெறும் முழக்கமாயின், இந்த மாற்றம் ஏது? தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே இரைச்சலாகவன்றோ இருந்திருக்கும்?

இன்னொரு சான்றும் உண்டு. அது தமிழன்பர் தரும் சான்றன்று. பகைவன் தரும் சான்று. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், கயத்தாற்றில், பிற பாளையக்காரர் சூழ்ந்திருக்க, கட்டபொம்மன் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான். அதனை நடத்தியவன் மேஜர் பானர்மன். மறுநாள் அவன் தன் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை வரலாற்று ஆவணமாக நிலைத்துள்ளது. விசாரணை நடந்த நேரம் முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமலும் இறுமாப்போடும் நின்றான் என்றும், எட்டயபுரத்துப் பாளையக்காரரை அடிக்கடி வெறுப்போடு நோக்கினான் என்றும், தூக்கிலிடப்படச் சென்றபோது உறுதியான நடையோடு இருபுறமும் இருந்த பாளையக்காரர்களை இகழ்ந்து பார்த்துக்கொண்டே சென்றான் என்றும் அவன் எழுதியுள்ளான். வாய்பேசாத தம்பியைப் பற்றி மட்டுமே வழியில் அவன் கவலை கொண்டான் என்பதும் அவ்வறிக்கையில் உண்டு.

இவ்வறிக்கையைப் படித்தபின் படத்தின் இறுதிக் காட்சியைக் காணுங்கள். 'மனிதர் எவரும் இப்படி நிமிர்ந்து நடப்பதில்லை. இது நாடகத்துக்கென்று புனைந்த நடை' என்னும் குற்றச்சாட்டு எங்கே நிற்கின்றது? பானர்மன் கண்ட கட்டபொம்மன் நோக்காலும் நடையாலும் பேசியவன். அவனுடைய இறுமாப்பு ஒரு கும்பினி அதிகாரியையே எழுத வைத்தது. நடிகர் காட்டும் நிமிர்வும் இகழ்ச்சி நோக்கும் மேடை வழக்கத்திலிருந்து வந்திருப்பினும், வரலாற்று மனிதனிடம் உண்மையாகவே சென்று பொருந்துகின்றன. நெடிய வசனங்கள் ஆசிரியருடைய படைப்பு. நோக்கும் நடையும் நடிகருடைய படைப்பு. தமிழ் வழங்காத கெய்ரோவிலும் எஞ்சி நின்றவை இவைதாமே.

வரலாறு என்றதும் மற்றொரு தடை எழும். கட்டபொம்மன் உண்மையில் படத்தில் காட்டுமாறு இருந்தானா என்னும் பூசல் நெடுநாளாக நடந்து வருகின்றது. அவனை விடுதலை வீரன் எனப் போற்றி நூல் எழுதினார் ம. பொ. சிவஞானம், மறுத்து எழுதினார் தமிழ்வாணன். அவன் தெலுங்கு வழங்கும் குடியிற் பிறந்தவன் என்பதும், இலக்கியத் தமிழில் அடுக்கடுக்காகப் பேசியிருக்க மாட்டான் என்பதும் உண்மையே. ஆனால் இவை கதையாசிரியரையும் வரலாற்றாசிரியரையும் நோக்கிக் கேட்க வேண்டிய கேள்விகள். தரப்பட்ட வேடத்தை உயிர்பெறச் செய்தாரா என்பதே நடிகரை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டையும் குழப்பினால், ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டாக நடித்தவர் எவருக்கும் புகழ் தர இயலாது. அம்மன்னனின் உண்மை வரலாறு பற்றியும் பூசல் உண்டன்றோ?

ஆக, நம் முடிவு யாது? கெய்ரோ விருது தகுதியான விருதே. காலத்தின் சூழல் அதற்குக் கதவு திறந்துவிட்டிருக்கலாம். உள்ளே நுழைந்தது நடிப்பு. ஆனால், அது தகுதி பெறுவது நாம் வழக்கமாகச் சொல்லும் காரணத்தால் அன்று. முழக்கத்தால் அன்று, முழக்கத்துக்கு முன் நின்ற அடக்கத்தால். சொல்லால் அன்று, சொல்லைத் தாங்கிய நோக்காலும் நடையாலும்.

தகுதி என்பதும் உச்சம் என்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கூறவேண்டும். விருது தகுதியானது என்பதனால், அதுவே அவருடைய நடிப்பில் தலைசிறந்தது என்று ஆகிவிடாது. சிதம்பரனார் வேடமே அதனினும் ஆழமானது என ஒருவர் கருதினால், அவரோடு வழக்காட வேண்டியதில்லை. நம் நாட்டில் சிறந்த நடிகருக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்பட்டு வருகின்றது. 2001-ஆம் ஆண்டில் மறையும் வரை சிவாஜி கணேசன் அதனைப் பெறவே இல்லை. விருது கிடைத்தமை நடிப்பின் அளவுகோலாயின், கிடைக்காமையும் அளவுகோலாகிவிடும். அப்படிக் கொள்வாரும் உளரோ?

அப்படத்தைப் பின்பற்றி எழுந்தவற்றுள் குறைகள் பல உண்டு. இடமறியாது முழங்கும் வழக்கம் தமிழ்த் திரையில் பல்கியதற்கு அவ்வெற்றியும் ஒரு காரணம் எனலாம். அது பின்பற்றியோர் செய்த பிழை. குரலை எங்கே உயர்த்தினார் என்பதைக் கண்டனர். எங்கே தாழ்த்தினார் என்பதைக் காணவில்லை.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை உங்கள் கல்லூரி மேடையில் ஒருவர் கட்டபொம்மனாக நின்று முழங்கும்போது, நடுவர் இருக்கையில் நீங்கள் அமர நேரிடலாம். கைதட்டலின் ஓசையைக் கொண்டு மதிப்பெண் இடாதீர்கள். துரையின் முதல் வினாவுக்கு அவர் எவ்வாறு விடை சொல்கின்றார் என்பதைக் கவனியுங்கள். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கண்கள் என்ன செய்கின்றன என்பதைப் பாருங்கள். செவியை ஒரு கணம் பொத்திக்கொண்டு அவர் நிற்கும் நிலையை நோக்குங்கள். அப்பொழுதும் அங்கே கட்டபொம்மன் நிற்பானாயின், தயங்காமல் பரிசை அவருக்கே கொடுங்கள்.